சம்பளம் சரி, மணிக்கணக்கு தவறு: வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பேக்கரியின் காலாண்டு அறிக்கை

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஊதியத்துடன் குடும்ப விடுப்பு பெற வேண்டுமானால், ஒரு தொழிலாளி தகுதிக் காலத்தில் 820 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். அவர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று அரசுக்குத் தெரிவிப்பவர் அவரல்ல, அவருடைய முதலாளி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலாளி அனுப்பும் அறிக்கையில் என்ன எண் இருக்கிறதோ, அதுதான் அரசின் கண்ணில் அந்தத் தொழிலாளியின் உழைப்பு.

கீழே வருவது ஒரு மாதிரி நிகழ்வு. ஸ்போகேன் நகரில் 38 பேர் வேலை செய்யும் ஒரு பேக்கரியை மனத்தில் வைத்து நான் அமைத்தது. பேக்கரியும் ஆட்களும் கற்பனை. விதிகளும் விகிதங்களும் கெடு தேதிகளும் உண்மையானவை. சம்பளப் பட்டியல் தயாரிக்கும் வேலையில் இருப்பவர்களுக்கு இந்தத் தவறு புதிதாகத் தோன்றாது.

திட்டத்தின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சட்டம் 2017-இல் நிறைவேறியது. 2019 ஜனவரி 1 முதல் பிரீமியம் வசூல் தொடங்கியது; 2020 ஜனவரி முதல் பலன் வழங்கப்படுகிறது. நிர்வகிப்பது மாநில வேலைவாய்ப்புப் பாதுகாப்புத் துறை. முதல் மூன்று ஆண்டுகள் சம்பளத்தில் 0.4 சதவீதமாக இருந்த பிரீமியம் 2022-இல் 0.6, 2023-இல் 0.8 என்று ஏறியது. 2024-இல் 0.74 ஆகச் சற்றே இறங்கி, 2025-இல் 0.92, 2026-இல் 1.13 என்று மறுபடி ஏறிவிட்டது. 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தத் தொகையில் 71.52 சதவீதம் தொழிலாளியின் பங்கு, மீதி 28.48 சதவீதம் முதலாளியின் பங்கு. ஐம்பது பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருப்பவர் தன் பங்கைக் கட்ட வேண்டியதில்லை. நம் பேக்கரி அந்த வகை.

இங்கேதான் பல சிறு முதலாளிகளுக்குக் குழப்பம். “என் பங்கு கிடையாது” என்பதை “எனக்கு வேலை கிடையாது” என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருந்தாலும்கூட, காலாண்டு அறிக்கை அனுப்பியாக வேண்டும். தொழிலாளியின் பங்கைப் பிடித்தோ கைப்பணத்திலிருந்து போட்டோ கட்டியாக வேண்டும். அரசிடம் அனுமதி பெற்றுச் சொந்த விடுப்புத் திட்டம் நடத்தும் நிறுவனங்களுக்கும் அறிக்கையிலிருந்து விலக்கு இல்லை. ஐம்பது பேர் இருக்கிறார்களா என்பதை முடிவு செய்வதும் முதலாளியின் மனக்கணக்கு அல்ல. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30 அன்று, முடிந்த நான்கு காலாண்டுகளின் அறிக்கைகளில் உள்ள ஆள் எண்ணிக்கையைச் சராசரி பார்த்துத் துறையே முடிவு செய்கிறது.

அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்? ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வரி: பெயர், சமூகப் பாதுகாப்பு எண், அந்தக் காலாண்டில் கொடுத்த சம்பளம், வேலை செய்த மணி நேரம். மார்ச்சில் முடியும் காலாண்டுக்கு ஏப்ரல் 30, ஜூனில் முடிவதற்கு ஜூலை 31, செப்டம்பரில் முடிவதற்கு அக்டோபர் 31, டிசம்பரில் முடிவதற்கு ஜனவரி 31 கெடு. ஆள் அதிகமிருந்தால் சம்பள மென்பொருளிலிருந்து ஒரு சிஎஸ்வி (அட்டவணை வடிவக்) கோப்பை எடுத்துப் பதிவேற்றிவிடலாம். பேக்கரி அப்படித்தான் செய்துவந்தது.

நடந்தது என்ன

2025 மார்ச் வரை பேக்கரியில் எல்லோருக்கும் மணிக்கூலி. நம் நிகழ்வின் நாயகி அதிகாலையில் மாவு பிசைந்து அடுப்பில் ஏற்றும் பகுதிநேரத் தொழிலாளி. வாரத்துக்கு நான்கு ஷிப்ட், ஒவ்வொன்றும் ஐந்து மணி நேரம், மணிக்கு 20 டாலர். ஆக வாரத்துக்கு 20 மணி, 400 டாலர். பதின்மூன்று வாரக் காலாண்டுக்கு 260 மணி, 5,200 டாலர்.

ஏப்ரலில் முதலாளி அதிகாலை ஆட்கள் ஆறு பேருக்கு மட்டும் ஷிப்டுக்கு 100 டாலர் என்று மாற்றினார். பணத்தில் யாருக்கும் ஒரு சென்ட் கூடவுமில்லை, குறையவுமில்லை. கணக்கு எளிதாகும் என்பதுதான் எண்ணம். அலுவலகத்தில் சம்பளம் போடுபவர் மென்பொருளில் ‘ஷிப்ட் கூலி’ என்று ஒரு புதிய சம்பள வகையைத் திறந்தார். மணிக்கூலியில் ‘அலகு’ என்ற கட்டத்தில் மணி நேரம் வரும். புதிய வகையில் அதே கட்டத்தில் ஷிப்ட் எண்ணிக்கை வந்தது. அறிக்கைக்கான கோப்பை உருவாக்கும்போது மென்பொருள் அலகுக் கட்டத்தை எடுத்து மணி நேரப் பத்தியில் போட்டது. 260 வர வேண்டிய இடத்தில் 52.

இந்த வரியைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சம்பளம் 5,200, மணி 52. வகுத்துப் பார்த்தால் மணிக்கு 100 டாலர். விடியற்காலையில் ரொட்டி சுடுபவருக்கு மணிக்கு நூறு டாலர் கொடுக்கும் பேக்கரி உலகத்தில் எங்கும் இல்லை. ஒருவர் ஒரே ஒருமுறை வகுத்திருந்தால் போதும். யாரும் வகுக்கவில்லை. சம்பளப் பத்தியின் கூட்டுத்தொகையை வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டார்கள், பொருந்தியது. மணி நேரப் பத்தியை எதோடு ஒப்பிடுவது? பிரீமியம் சம்பளத்தின் மீதுதான் கணக்கிடப்படுகிறது. மணி நேரம் தவறானால் யாருடைய பணமும் அந்தக் காலாண்டில் கூடுவதில்லை, குறைவதில்லை. அரசுக்கு வர வேண்டியது வந்துவிடுகிறது, முதலாளி கட்ட வேண்டியது கட்டப்பட்டுவிடுகிறது. அந்தத் தவறு தெரியவரும் நாள், தொழிலாளி விடுப்புக்கு விண்ணப்பிக்கும் நாள்தான். என் பார்வையில் இந்தத் திட்டத்தின் அறிக்கை முறையில் உள்ள மிகப் பலவீனமான இடம் இது. பணப் பத்திக்குக் காவல் பல. மணிப் பத்திக்குக் காவல் ஒன்றுமில்லை.

2026 ஜனவரி நடுவில் அவருக்குக் குழந்தை பிறந்தது. விண்ணப்பித்தார். தகுதிக் காலம் என்பது முடிந்த ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கு. அவருக்கு அது 2024 அக்டோபர் முதல் 2025 செப்டம்பர் வரை. அறிக்கைகளில் இருந்த மணி நேரம்: 260, 260, 52, 52. மொத்தம் 624. தேவைப்பட்டது 820. முதல் நான்கில் தகுதி வராவிட்டால் கடைசியாக முடிந்த நான்கு காலாண்டுகளைப் பார்க்க வழி உண்டு. ஆனால் தவறான காலாண்டுகள் பின்னால் வருவதால் அது இன்னும் மோசம்: டிசம்பர் காலாண்டும் அதே பாணியில் போனால் 260-உடன் மூன்று 52, ஆக 416. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் உண்மையில் வேலை செய்திருந்தது 1,040 மணி நேரம்.

பணம் தவறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். வாராந்தரப் பலனைக் கணக்கிடத் தகுதிக் காலத்தில் சம்பளம் அதிகமான இரண்டு காலாண்டுகளை மட்டும் எடுத்துக் கூட்டி 26-ஆல் வகுக்கிறார்கள். நம் தொழிலாளிக்கு 10,400-ஐ 26-ஆல் வகுத்தால் 400. மாநிலச் சராசரி வாரச் சம்பளத்தில் பாதிக்குள் அடங்கும் வருமானம் என்பதால் அதில் 90 சதவீதம், அதாவது வாரத்துக்கு 360 டாலர். வருமானம் அந்தப் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு 50 சதவீதம் மட்டும். உச்சவரம்பு 2025-இல் வாரத்துக்கு 1,542 டாலர், 2026-இல் 1,647.

இரண்டே காலாண்டுகளைப் பார்ப்பதால், வேறொரு காலாண்டில் சம்பளத்தைக் குறைத்துக் காட்டியிருந்தாலும் பலனில் மாற்றம் வராமல் போகக்கூடும். நல்ல காலாண்டுகள் மோசமானதை மறைத்துவிடும். மணி நேரத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. நான்கு காலாண்டுகளும் கூட்டப்படுகின்றன. ஓரிடத்தில் விழுந்த ஓட்டை மொத்தத்திலும் ஓட்டைதான். முழுநேரத் தொழிலாளிக்கு இது பெரும்பாலும் உறைக்காது: ஒரு காலாண்டுக்கு 520 மணி நேரம் என்றால் இரண்டு காலாண்டுகளிலேயே 820-ஐத் தாண்டிவிடுவார். வாரத்துக்கு இருபது மணி நேரம் வேலை செய்பவருக்குத்தான் ஒவ்வொரு காலாண்டும் தேவைப்படுகிறது. தவறு யாருக்கு நேர்ந்தால் தாங்க முடியாதோ, அவருக்குத்தான் வலிக்கிறது.

எல்லா மாநிலங்களும் இப்படி மணி நேரம் பார்ப்பதில்லை. 2004-இல் இந்த வகைப் பலனை முதலில் வழங்கத் தொடங்கிய கலிஃபோர்னியாவில், அடிப்படைக் காலத்தில் 300 டாலர் சம்பாதித்து அதில் பிடித்தம் நடந்திருந்தால் போதும். ஓரிகனில் அளவுகோல் 1,000 டாலர். அந்த மாநிலங்களில் இதே பேக்கரியின் இதே தவறு தகுதியைத் தொட்டிருக்காது. வாஷிங்டன் உழைத்த நேரத்தை அளவுகோலாக வைத்தது குறைந்த கூலிக்காரருக்கும் உயர்ந்த கூலிக்காரருக்கும் ஒரே வாசல் இருக்கட்டும் என்ற வகையில் நியாயமானதுதான். ஆனால் அந்த நியாயம் முழுவதும் முதலாளி நிரப்பும் ஒரு பத்தியை நம்பி நிற்கிறது.

பேக்கரியின் மேலாளர் விஷயமும் இத்துடன் வெளியே வந்தது. அவருக்கு மாதச் சம்பளம். மணி நேரம் பதிவாவதில்லை. அவருடைய வரியில் மென்பொருள் பூஜ்யம் போட்டு அனுப்பியிருந்தது. முழுநேரச் சம்பளக்காரருக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் என்று அறிக்கையில் காட்ட வேண்டும் என்பது விதி. அவர் விண்ணப்பிக்காததால் தப்பித்தார், அவ்வளவுதான்.

ஆதாரம் எங்கே இருந்தது

நிராகரிப்புக் கடிதத்தோடு மேல்முறையீட்டு உரிமையும் வந்தது. கெடு 30 நாள். கையில் இருந்த சம்பளச் சீட்டுகளைப் புரட்டினார். ஏப்ரலுக்குப் பிந்தையவற்றில் ‘ஷிப்ட் 8, விலை 100’ என்றுதான் அச்சாகியிருந்தது. மணி நேரம் எங்கும் இல்லை. இந்தச் சீட்டை வைத்துக்கொண்டு 260-ஐ நிரூபிப்பது எப்படி?

நல்லவேளையாக வருகைக் கடிகாரத்தை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. ஷிப்ட் கூலிக்கு மாறிய பிறகும் ஆட்கள் பழக்கத்தால் அட்டையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். வேலை நேரப் பதிவுகளை ஆறு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது இந்தச் சட்டத்திலேயே உள்ள கடமை. பேக்கரி அதை நிறைவேற்றியது கடமை உணர்வாலா, பழைய கோப்புகளை எறிய யாருக்கும் நேரமில்லாததாலா என்பது வேறு விஷயம்.

இன்னொரு ஆதாரம் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. அதே வேலைவாய்ப்புப் பாதுகாப்புத் துறைக்கு முதலாளிகள் இன்னொரு காலாண்டு அறிக்கையும் அனுப்புகிறார்கள்: வேலையின்மைக் காப்பீட்டுக்கானது. அதற்குத் தனி இணையதளம், தனிக் கணக்கு. அதிலும் சம்பளமும் மணி நேரமும் உண்டு, ஏனெனில் வேலையின்மைப் பலனுக்கும் 680 மணி நேரம் என்று ஒரு வாசல் இருக்கிறது. அந்த அறிக்கையை பேக்கரிக்காக வெளியில் உள்ள ஒரு கணக்காளர் தயாரித்துவந்தார். அவர் மென்பொருளைத் தொடவில்லை; வருகைக் கடிகாரத் தாள்களைக் கூட்டித்தான் எழுதினார். அங்கே 260 என்று சரியாக இருந்தது. ஒரே காலாண்டு, ஒரே தொழிலாளி, ஒரே துறை. ஓர் அறிக்கையில் 260, மற்றொன்றில் 52.

இரண்டு அறிக்கைகளும் எல்லா வகையிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; எது சம்பளம் என்பதில் இரண்டு சட்டங்களும் சில இடங்களில் வேறுபடுகின்றன. டிப்ஸ் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: விடுப்புத் திட்டத்தில் அது சம்பளமாகாது. அதனால் சில டாலர் வித்தியாசம் இயல்பு. மணி நேரத்தில் ஐந்து மடங்கு வித்தியாசம் இயல்பல்ல. இரண்டு தாள்களையும் மேஜையில் அருகருகே வைத்துப் பார்க்கும் வேலையை யாருக்கும் ஒதுக்காதது முதலாளியின் பிழை என்றுதான் நான் சொல்வேன். மென்பொருளைக் குறை சொல்லித் தப்பிக்க முடியாது. அறிக்கையை அனுப்பும் கடமை முதலாளியுடையது.

பிடிக்காமல் விட்ட பணம்

திருத்த உட்கார்ந்தபோது இரண்டாவது சிக்கல் தெரிந்தது. புதிய ‘ஷிப்ட் கூலி’ வகையைத் திறந்தபோது அதற்கு விடுப்புப் பிரீமியம் பிடிக்கும் குறியை யாரும் இடவில்லை. அறிக்கையில் சம்பளம் சரியாகப் போனதால் துறையின் பில்லும் சரியாக வந்தது; கணக்காளர் பேக்கரியின் வங்கிக் கணக்கிலிருந்து முழுத்தொகையைக் கட்டிவந்தார். முதலாளியோ அது ஆட்களின் சம்பளத்திலிருந்து பிடித்த பணம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

நம் தொழிலாளிக்கு மட்டும் கணக்குப் போட்டால், மூன்று காலாண்டுகளில் 15,600 டாலர் சம்பளம், அதில் 0.92 சதவீதம் 143.52, தொழிலாளியின் பங்கு 71.52 சதவீதம், அதாவது 102 டாலர் 65 சென்ட். ஆறு பேருக்கும் சேர்த்து ஐந்நூறு டாலருக்கு மேல். அடுத்த சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துவிடலாம் என்று முதலாளி நினைத்தார். முடியாது. ஒரு சம்பளக் காலத்தில் பிடிக்கத் தவறிய பங்கை முதலாளி தானே கட்டத் தேர்ந்துகொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வேறொரு சம்பளக் காலத்தில் அதைப் பிடிக்கக் கூடாது. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் பகுதிநேரக் கூலி வாங்கும் ஒருவரின் ஒரே சம்பளத்திலிருந்து திடீரென்று நூறு டாலர் காணாமல் போவதை நினைத்துப் பார்த்தால், விதி எழுதியவர்கள் யார் பக்கம் நின்று யோசித்தார்கள் என்பது புரியும்.

2023 ஜூலை முதல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு என்ற வேறொரு மாநிலத் திட்டத்துக்கான 0.58 சதவீதப் பிரீமியமும் இதே அறிக்கையில்தான் சேர்ந்து போகிறது. அதற்கு உச்சவரம்பு இல்லை. விடுப்புப் பிரீமியத்துக்கு மட்டும் சமூகப் பாதுகாப்பு வரிக்கு உள்ள அதே ஆண்டுச் சம்பள வரம்பு உண்டு, 2025-இல் 1,76,100 டாலர். சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் மென்பொருள் துறையில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு ஆண்டின் பின்பகுதியில் விடுப்புப் பிடித்தம் நின்று மற்றது மட்டும் தொடர்வதற்குக் காரணம் இதுதான். பிடித்தம் நின்றாலும் முதலாளி முழுச் சம்பளத்தையும் அறிக்கையில் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வரம்பு பிரீமியத்துக்கு, அறிக்கைக்கு அல்ல.

தண்டனை பற்றி

வேண்டுமென்றே அறிக்கை அனுப்பாத முதலாளிக்குச் சட்டம் வைத்திருக்கும் அபராதம் இரண்டாம் முறை 75 டாலர், மூன்றாம் முறை 150, நான்காம் முறையிலிருந்து 250. நம் பேக்கரி அறிக்கையைக் கெடுவுக்குள் அனுப்பியது, பணமும் கட்டியது, உள்நோக்கமும் இல்லை. இந்த அபராதம்கூடப் பொருந்தாது. மறுபக்கம், தாய்மைக்கான மருத்துவ விடுப்பும் குழந்தையோடு இருக்கும் விடுப்புமாகச் சேர்த்து 16 வாரம் வரை எடுக்கலாம். வாரத்துக்கு 360 வீதம் அது 5,760 டாலர். ஒரு கட்டத்தில் தவறான எண் விழுந்ததற்குத் தொழிலாளியின் பக்கத்தில் 5,760, முதலாளியின் பக்கத்தில் பூஜ்யம். அபராதத்தை உயர்த்தினால் தீர்ந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. உள்நோக்கமில்லாத தவறை அபராதம் தடுக்காது. பதிவேற்றும் இடத்திலேயே சம்பளத்தை மணி நேரத்தால் வகுத்து, முந்தைய காலாண்டோடு ஒப்பிட்டு, “இது சரிதானா?” என்று கேட்கும் ஒரு சோதனை இதைவிட அதிகம் உதவும்.

திருத்தம்

கணக்காளர் வருகைத் தாள்களை வைத்து ஜூன், செப்டம்பர் காலாண்டுகளுக்குத் திருத்திய அறிக்கைகளை அனுப்பினார். டிசம்பர் காலாண்டுக்கு ஜனவரி 31 வரை அவகாசம் இருந்ததால் அதை முதலிலேயே சரியாக அனுப்ப முடிந்தது. தொழிலாளி தன் பங்குக்கு மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிடாமல், வருகைத் தாள்களின் நகல்களையும் வேலையின்மைக் காப்பீட்டு அறிக்கையின் நகலையும் இணைத்து அனுப்பினார். முதலாளி திருத்துகிறேன் என்று சொன்னதை மட்டும் நம்பி அவர் காத்திருக்காதது நல்லதாயிற்று; திருத்திய அறிக்கை ஏறுவதற்கும் கெடு முடிவதற்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. 624 என்பது 1,040 ஆனதும் தகுதி கிடைத்தது. இடையில் போன வாரங்களுக்கான பலன் பின்னோக்கிச் சேர்ந்து வந்தது. ஆனால் பிப்ரவரி மாத வீட்டு வாடகை பின்னோக்கிக் காத்திருக்கவில்லை. கிரெடிட் கார்டில் போனது.

வேலைப் பாதுகாப்பைப் பொறுத்தவரை அவருக்குக் காலம் கைகொடுத்தது. 2025 வரை 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில்தான் விடுப்பு முடிந்து அதே வேலைக்குத் திரும்பும் உரிமை இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரம்பு 25 ஆகக் குறைந்தது. விடுப்புக்கு முன் 180 நாள் வேலையில் இருந்திருந்தால் போதும். 38 பேர் உள்ள பேக்கரி இப்போது அதற்குள் வருகிறது. முந்தைய டிசம்பரில் விடுப்பில் போயிருந்தால் இந்தச் சட்டத்தின் கீழ் அந்த உரிமையைக் கோரியிருக்க முடியாது.

மீதி ஐந்து பேரின் வரிகளும் அதே திருத்தத்தில் சரி செய்யப்பட்டன. அவர்களில் ஒருவர் ஆகஸ்டிலேயே பேக்கரியை விட்டு ஒரு பள்ளிச் சமையற்கூடத்துக்கு மாறியிருந்தார். முதலாளி அவரை விட்டுவிடலாம் என்றார், இப்போது தன் ஆளில்லையே என்று. கணக்காளர் ஒப்புக்கொள்ளவில்லை. 820 மணி நேரம் ஒரே முதலாளியிடம் சேர வேண்டியதில்லை. எல்லா முதலாளிகளின் அறிக்கைகளிலும் உள்ள மணி நேரம் கூட்டப்படுகிறது. பள்ளியில் அவர் வயதான தாயைக் கவனிக்க விடுப்பு கேட்டால், பேக்கரி 52-க்குப் பதில் 260 என்று எழுதியிருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்கப்படும். அவருடைய இரண்டு காலாண்டுகளும் திருத்தப்பட்டு, திருத்தத்தின் நகல் ஒன்று அவருடைய புதிய முகவரிக்குப் போனது.